பூட்டிக் கிடக்கும் தேவாலயத்தில் வகுப்பறை: யாழ்ப்பாணத்தில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பாடசாலைக்கும் அந்தத் தேவாலயத்துக்கும் நடுவே ஒரு மதில்தான். மதிலுக்கு இந்தப் பக்கம் தரம் 6 பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் தட்டி மறைப்புக்கு இரு புறமும் இருந்து படித்தார்கள். அந்தப் பக்கம், ஓடு சரிந்த பெரிய கூரையின் கீழ் வௌவால்கள் குடியிருந்தன. சபையாரில் பெரும்பாலோர் யுத்த காலத்தில் வெளிநாடு போய்விட்டார்கள். எஞ்சிய சில குடும்பங்கள் அடுத்த தேவாலயத்தோடு சேர்ந்துகொண்டன. நகருக்குள் ஒரு பரப்புக் காணி வாங்கவும் வழியில்லாத நாங்கள், அந்தக் கட்டடத்தைக் கேட்டோம்; கிடைத்தது. ஆனால் முதற் கடிதத்துக்கும் அங்கே நடந்த முதற் பாடத்துக்கும் இடையில் நான்கு ஆண்டுகள் போயின. அதில் பாதி, செய்ய வேண்டியவற்றை முறை மாற்றிச் செய்ததால் போன காலம்.

கட்டடக் குழுவின் செயலாளராக எல்லாக் கோப்புகளும் என் கையால்தான் போய்வந்தன. இன்று மறுபடி தொடங்கினால் எந்த வரிசையில் செய்வேனோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் சட்டத்தரணியையும் பொறியியலாளரையும் அருகில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். நான் அந்த இருவருமல்லன்.

தொடங்குமுன் ஒன்று. "கட்டடம் கிடைத்தால் ஒரு புதிய பாடசாலையே தொடங்கலாம்" என்று சிலர் வருகிறார்கள். 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டப்படி 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்க முடியாது. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொள்வது வேறு பாதை. இந்த வழிகாட்டி, ஏற்கெனவே இயங்கும் பாடசாலையொன்று தன் வளவோடு ஒரு தேவாலயத்தைச் சேர்த்துக்கொள்வதற்கானது.

1. முதலில் உறுதி (காணிப் பத்திரம்), பிறகு மற்றதெல்லாம்

கட்டடக் கலைஞரிடம் போகாதீர்கள். காணிப் பதிவகத்துக்குப் போங்கள்.

தேவாலயக் காணிகள் பெரும்பாலும் பல துண்டுகளாகச் சேர்ந்தவை. ஒரு துண்டு மிஷன் வாங்கியது, ஒரு துண்டு ஒரு குடும்பம் நன்கொடையாக எழுதியது, ஒரு துண்டு யாரோ பிரிபடாத பங்கில் தந்தது என்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி உறுதி தேடுங்கள். பழைய உறுதிகளில் அளவு லாச்சம், குழி என்று இருக்கும்: 18 குழி ஒரு லாச்சம், 16 லாச்சம் ஓர் ஏக்கர். இன்றைய நில அளவை வரைபடம் ஹெக்டேயரில் வரும். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் வேலையை உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் கொடுத்து, எல்லைக் கல்லை நேரில் நின்று பாருங்கள். எங்கள் காணியின் தெற்கு எல்லையாக உறுதியில் எழுதியிருந்த "ஒழுங்கை", இன்று ஒரு வீட்டின் குசினிச் சுவர்.

எங்களிடம் ஆதீனம் (திருச்சபையின் மறைமாவட்ட நிருவாகம்) தந்த உறுதியின் ஒளிப்படப் பிரதி ஒன்று இருந்தது. பல தடவை மடித்து விரித்த தாள். மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வரி முழுவதும் கறுத்துப் போயிருந்தது. எழுதியது நன்கொடை உறுதிதானே, பெரிதாக என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டோம். ஏழாம் மாதம், வரைபடமெல்லாம் முடிந்த பிறகு, பதிவேட்டிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுத்தோம். கறுத்துப் போன வரியில் இருந்தது இதுதான்: காணியும் அதில் எழும் கட்டடமும் கிறிஸ்தவ ஆராதனைக்கு மட்டும், வேறெதற்கும் அல்ல.

அப்படியொரு நிபந்தனை இருந்தால் அது நம்பிக்கைச் சொத்து, அதாவது ஒரு நோக்கத்துக்கென்று ஒப்படைத்த சொத்து. 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். சபையும் குருவும் எவ்வளவு மனமுவந்து சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் உறுதியின் நிபந்தனையை அழிக்காது. எங்கள் வழக்கை ஒருவரும் எதிர்க்கவில்லை. இருந்தும் பதினான்கு மாதம் எடுத்தது. நன்கொடையாளரின் வாரிசுகளை ஆரம்பத்திலேயே தேடிப் பிடித்து அவர்களின் இணக்கத்தை எழுத்தில் வாங்குங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் சத்தியக் கடதாசி முடித்து அனுப்ப மாதக்கணக்கு ஆகும்.

இன்னொரு பொறி: 1960 களின் தொடக்கத்தில் அரசு பொறுப்பேற்ற பாடசாலைகள் பலவற்றில் பாடசாலைக் காணி அரசுக்கு உரித்தாகி, அதே வளவிலிருந்த தேவாலயம் மட்டும் திருச்சபையிடம் நின்றது. எல்லை எங்கே என்று எல்லோரும் பழக்கத்தால் நடந்துகொண்டிருப்பார்கள். உங்களுடையது அரசுப் பாடசாலையாயின், உரித்தாக்கிய வர்த்தமானிக் கட்டளையை எடுத்து, அதன் அட்டவணையில் எந்தத் துண்டு இருக்கிறது என்று பாருங்கள். கேட்கப்போகும் கட்டடம் ஏற்கெனவே அரசுடையதாக இருக்கலாம். நீங்கள் விளையாடும் திடல் திருச்சபையுடையதாகவும் இருக்கலாம்.

இந்தப் படிக்கு வேண்டியவை: எல்லா உறுதிகளின் உறுதிப்படுத்திய பிரதிகள், பதிவேட்டின் பக்கப் பிரதிகள், புதிய நில அளவை வரைபடம், சட்டத்தரணியின் உரித்து அறிக்கை. சட்டத்தரணிக்கும் நில அளவையாளருக்கும் கொடுக்கும் பணத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். முழுச் செலவில் அது மிகச் சிறிய துண்டு.

2. திருச்சபையின் அனுமதியும் சபையாரின் மனமும்

பங்குத் தந்தையோ போதகரோ "நல்ல காரியம், செய்யுங்கள்" என்று சொன்னால் அது ஆசீர்வாதம், அனுமதி ஆகாது. அனுமதி எங்கிருந்து வரவேண்டும் என்பது திருச்சபைக்குத் திருச்சபை வேறு.

கத்தோலிக்க ஆலயமாயின் ஆயரின் எழுத்து ஆணை வேண்டும். திருச்சபைச் சட்டத்தின் 1222 ஆம் இலக்கம் இதற்கானது: இனி வழிபாட்டுக்குப் பயன்படாத ஆலயத்தை, இழிவில்லாத வேறு பயன்பாட்டுக்கு ஆயர் விடலாம். கட்டடம் நன்றாக இருந்தும் வேறு பாரிய காரணங்களுக்காக விடுவதாயின் ஆயர் குருக்கள் மன்றத்தைக் கேட்க வேண்டும். அந்த ஆலயத்தில் உரிமை கோரக்கூடியவர்களின் சம்மதமும் வேண்டும். ஆலயத்தை விட்டாலும் பீடம் தன் அர்ச்சிப்பை இழக்காது என்று 1238 ஆம் இலக்கம் சொல்கிறது. ஆகவே பீடத்தையும் அதனுள் இருக்கக்கூடிய புனிதர் திருப்பண்டங்களையும் என்ன செய்வது என்பது ஆணையிலேயே எழுதியிருக்க வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம், மெதடிஸ்த திருச்சபை, அங்கிலிக்கன் திருச்சபை ஆகியவற்றில் பேராயர் அல்லது தலைமையின் சம்மதத்தோடு, சொத்தைச் சட்டப்படி வைத்திருக்கும் பொறுப்பாளர் குழுவின் தீர்மானமும் வேண்டும். தீர்மானத்தின் கையொப்பமிட்ட பிரதி கைக்கு வரும்வரை கூரையின் ஒரு ஓட்டுத் துண்டையும் தொடாதீர்கள்.

பொருட்களுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். பீடம், திருமுழுக்குத் தொட்டி, மணி, பிரசங்கபீடம், வாங்குகள் (நீள இருக்கைகள்), சுவரில் பதித்த நினைவுக் கற்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து, எது எங்கே போகிறது என்று எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானவை திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள். புலம்பெயர்ந்தவர்கள் பலருக்குப் பிறப்பையும் உறவையும் காட்ட எஞ்சியிருக்கும் ஒரே தாள் அதுவாக இருக்கும். கறையான் தொடுமுன் அவற்றை ஆதீன அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தேவாலயம் திருமணம் நிறைவேற்றும் இடமாகப் பதிவாகியிருந்தால் அந்தப் பதிவை நீக்கவும் திருச்சபையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு, எஞ்சிய சபையாரை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே கூட்டுங்கள். நாங்கள் கூட்டியபோது இருபது பேரளவில் வந்தார்கள். வரைபடத்தை விரித்து நூலகம், இரு வகுப்பறை என்று விளக்கினோம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. முடியும் நேரத்தில் ஒரு வயதான அம்மா எழுந்து, மேற்குக் கதவடியில் போய் நின்று, "தம்பி, அம்மாவின் பெட்டியை இந்த இடத்தில்தான் வைத்துச் செபித்தோம். இதிலே என்ன வரப்போகிறது?" என்று கேட்டார். அவர் நின்ற இடத்தில் எங்கள் வரைபடத்தில் கை கழுவும் தொட்டிகள் வரிசையாக இருந்தன. அன்றிரவே அதை மாற்றச் சொன்னோம். அந்த இடம் இன்று வெறுமனே வாசல். சுவரோடு அந்தத் தேவாலயத்தின் பழைய வாங்கு ஒன்று போட்டிருக்கிறோம்.

இந்தக் கூட்டத்தை வரைபடம் முடிந்த பிறகு வைக்காமல், தொடங்குமுன்னரே வையுங்கள். கடைசி ஆராதனை ஒன்றை அவர்கள் விரும்பினால் அதற்கு நாள் ஒதுக்குங்கள். கூட்டித் துடைத்துக் கொடுப்பது பாடசாலையின் வேலை.

அனுமதி வந்ததும் குத்தகை எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் முடிந்தால்தான் சட்டத்தில் செல்லும்; 1840 ஆம் ஆண்டிலிருந்து அதுதான் விதி. எழுதியதைப் பதிவகத்திலும் பதியுங்கள். எத்தனை ஆண்டு, மணிக்கூண்டைத் திருத்துவது யார், காப்புறுதி யார் பெயரில், நீங்கள் உள்ளே எழுப்பும் புதிய பகுதி குத்தகை முடிந்ததும் யாருக்கு ஆகிய நான்கும் குத்தகையில் தெளிவாக இருக்க வேண்டும். பத்து ஆண்டுக் குத்தகையைக் காட்டினால் பெருந்தொகை தர எந்த நன்கொடையாளரும் முன்வரமாட்டார். முப்பது ஆண்டுக்குக் குறையாமல் கேளுங்கள்.

3. நிலத்துக்குக் கீழே இருப்பவை

தேவாலயத் தரையின் கீழும் வளவிலும் கல்லறைகள் இருக்கலாம். நினைவுக் கல் இல்லாத இடத்திலும் இருக்கலாம். அடக்கப் பதிவேட்டைப் பார்த்து, வளவின் வரைபடத்தில் குறித்து, அந்த இடங்களை விட்டே அத்திவாரமும் குழாயும் போகும்படி திட்டமிடுங்கள். கல்லறையை நகர்த்துவதை விட வகுப்பறையை நகர்த்துவது எளிது.

தோண்டும்போது பதிவில் இல்லாத எலும்பு வெளிவந்தால் வேலையை அந்த நிமிடமே நிறுத்துங்கள். கையால் தொடாமல், மண்ணைத் திருப்பிப் போடாமல், கிராம அலுவலருக்கும் பொலிசாருக்கும் அறிவியுங்கள். பிறகு நீதவான் சொல்வதுதான் நடக்கும். செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 இல் எலும்புகள் வெளிப்பட்டதும் கட்டட வேலைக்குத் தோண்டியபோதுதான். நம் மண்ணில் இது நடைமுறைச் சிக்கலோடு நிற்கும் விடயமல்ல. யாரோ ஒரு தாய் இன்றும் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையாக இருக்கலாம். வேலையாட்களை முதல் நாளே அழைத்து இதைச் சொல்லிவையுங்கள்.

யுத்த காலத்தில் கைவிடப்பட்ட கட்டடமாயின் கிணற்றை இறைக்குமுன்னும் மூடிய பதுங்குகுழியைக் கிளறுமுன்னும் வெடிபொருள் இல்லை என்று உரியவர்களைக் கொண்டு பார்ப்பித்து, எழுத்தில் வாங்குங்கள்.

4. தொல்பொருள் திணைக்களம்

தொல்பொருட் சட்டத்தில் 1815 மார்ச் 2 ஒரு கோடு. அதற்கு முந்தியது என்று கருதப்படும் கட்டடம் புராதன நினைவுச்சின்னமாகும். பிந்திய பழங்கட்டடங்களையும் வர்த்தமானியில் வெளியிட்டுப் பாதுகாக்கலாம். யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களில் பல 19 ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. ஆனால் சில பழைய அத்திவாரத்தின் மேல் எழுந்தவை. ஊகத்தில் விடாமல், "இந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்டதா, அருகே பாதுகாக்கப்பட்ட சின்னத்தால் ஏதும் கட்டுப்பாடு உண்டா" என்று திணைக்களத்துக்கு எழுதிக் கேளுங்கள். கோட்டையைச் சூழ்ந்த பகுதியென்றால் இரண்டாவது கேள்வி கட்டாயம். பதிலைக் கோப்பின் முதற் பக்கத்தில் வையுங்கள். பின்னர் எல்லா அலுவலகங்களும் அதையே கேட்கும்.

5. கல்விப் பணிமனை

இது சுருக்கமான படி. வலயக் கல்விப் பணிமனைக்கு அதிபரின் கடிதம், குத்தகைப் பிரதி, உத்தேச வரைபடம். மாகாணப் பாடசாலையாயின் மாகாணக் கல்வி அமைச்சு வரை போகும். தேசிய பாடசாலையாயின் கொழும்பு. தனியார் பாடசாலையாயின் நிருவாக சபையின் தீர்மானத்தையும் இணையுங்கள். பரீட்சை மண்டபமாகவும் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

6. கட்டடத்தை ஒரு மாரி முழுவதும் பாருங்கள்

பழைய கட்டடத்தில் அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளர் ஒருவரைத் தேடுங்கள். புதிய வீடு கட்டுவதில் கெட்டிக்காரராக இருப்பது இதற்குப் போதாது. எங்களிடம் முதலில் வந்தவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இடித்துவிட்டு அதே இடத்தில் மூன்று மாடி கட்டுங்கள், மலிவு" என்றார். இரண்டாவதாக வந்தவர் ஏணி கேட்டார். பனங் கைமரங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடமெல்லாம் சிறு உளியால் குத்திப் பார்த்தார். வைரம் பாய்ந்த பனங் கைமரம் அதன் நீளத்தின் நடுப்பகுதியில் கல்லாக இருக்கும். சுவருக்குள் புதைந்த முனையில்தான் ஈரமும் கறையானும் வேலை செய்யும் என்றார். எங்கள் கைமரங்களில் மூன்றிலொன்று முனையில் பொடியாகியிருந்தது. முழுமரத்தையும் மாற்றாமல், முனையை மட்டும் அறுத்து உருக்குப் பாதம் பொருத்தினோம். மரச் செலவு பாதியாகக் குறைந்தது.

சுவர்கள் சுண்ணாம்புக் கல்லாலும் முருகைக் கல்லாலும் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசியவையாக இருக்கும். அதன்மேல் சீமெந்துப் பூச்சு பூச விடாதீர்கள். எந்த மேசனும் அதைத்தான் முதலில் சொல்வார், விரைவாக முடியும், வழுவழுப்பாக இருக்கும். பழைய சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விடும் சுவர். சீமெந்து அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். கடலோர உப்பு பூச்சின் பின்னால் பளிங்காகத் திரண்டு இரண்டு மூன்று மாரிக்குள் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும். முன்பு யாரோ சீமெந்து பூசியிருந்த எங்கள் வடக்குச் சுவரில் விரல் நகத்தால் தட்டியபோது பொள்ளென்று ஒலித்தது. அகற்றியபோது உட்புறம் வெள்ளைப் பொடியாக உப்பு ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேசன்மார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதிகக் கூலி கொடுத்தாவது அழையுங்கள். இளையவர்கள் இருவரை உதவிக்கு நிறுத்திப் பழக்குங்கள். சுண்ணாம்புப் பூச்சு மெல்லவே இறுகும். அவசரப்படுத்தி வெயிலில் காயவிட்டால் வெடிக்கும். நனைத்த சாக்கு தொங்கவிட்டு ஈரம் காக்க வேண்டும். அதற்கான நாட்களை அட்டவணையில் விடுங்கள்.

கூரையில் அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் உடைக்காமல், நனைத்து, முகக்கவசத்தோடு, பிள்ளைகள் இல்லாத விடுமுறையில் இறக்குங்கள். தரையில் போட்டு நொறுக்குவதே பேராபத்து.

அனுமதிகளுக்குக் காத்திருக்கும் ஆண்டிலேயே ஒரு மாரி வந்துபோகும். அந்த மழையில் குடையோடு உள்ளே போய், எங்கெங்கே ஒழுகுகிறது, சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று சோக்கால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். எந்த அறிக்கையையும் விட அந்தக் கோடுகள் எங்களுக்கு உதவின.

7. வரைபடம்: எதிரொலி, மேல்தளம், வாசல்

முதலில் கைதட்டிப் பாருங்கள். ஒலி அடங்க எத்தனை செக்கன்? தேவாலயம் பாடலுக்காகக் கட்டியது. ஒலி தங்கி நிற்பதே அங்கே அழகு. வகுப்பறையில் அதுவே பகை. பரீட்சார்த்தமாக ஒரு நாள் தரம் 6 ஐ அங்கே இருத்திச் சொல்வதெழுதுதல் நடத்தினோம். ஆசிரியை "மழை" என்றார்; பின் வரிசையில் பாதிப் பேர் "மலை" என்று எழுதியிருந்தார்கள்.

கணக்கு எளிது. மண்டபத்தின் கன மீற்றரை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பின் சதுர மீற்றரால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் வரும். 18 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், சராசரி 8 மீற்றர் உயரமான மண்டபம் 1152 கன மீற்றர். கல்லும் சீமெந்துத் தரையுமாக உறிஞ்சும் பரப்பு 50 சதுர மீற்றர்தான் என்றால் 3.7 செக்கன். வகுப்பறைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 0.6 செக்கனளவு. ஆகவே முழு மண்டபத்தையும் வகுப்பறையாக்க முயலாதீர்கள். உயரமான பகுதியை நூலகத்துக்கும் காலைக்கூட்டத்துக்கும் விட்டு, பாடம் நடக்கும் இடங்களை உள்ளே தனிப் பெட்டிகளாக, தாழ்ந்த உட்கூரையோடு அமையுங்கள். ஒலியை உறிஞ்சும் பலகைகளைக் கூரைச் சரிவின் கீழ் தொங்கவிடலாம். எளிதில் தீப்பற்றாத வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

மேல்தளம் போடுவதாயின் அதன் பாரம் பழைய சுவரில் ஒரு துளியும் விழக்கூடாது. தனி உருக்குத் தூண், தனிப் பாதம், சுவருக்கும் தளத்துக்கும் இடையில் கை நுழையும் இடைவெளி. நாளைக்குத் தேவையில்லை என்றால் கழற்றிக்கொண்டு போகலாம். சுவரில் ஒரு வடுவும் இராது. தொல்பொருள் அதிகாரியும் ஆதீனமும் மகிழ்ந்து சம்மதித்தது இந்த ஒரு காரணத்தால்தான். வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீற்றருக்கு 300 கிலோ அளவு பாரம் கணக்கிடுவார்கள். புத்தக அடுக்குகள் நிறைந்த நூலகத்துக்கு அதன் இரு மடங்குக்கு மேல் வேண்டும். நூலகத்தைக் கீழே வையுங்கள்.

பழைய தேவாலயத்துக்குப் பெருவாசல் ஒன்று, அதுவும் உள்நோக்கித் திறக்கும். பிள்ளைகள் கூடும் இடத்துக்கு வெளிநோக்கித் திறக்கும் இரு வாசலாவது வேண்டும், ஒன்றுக்கொன்று தூரத்தில். பக்கச் சன்னலொன்றின் கீழ்ச் சுவரை மட்டும் அறுத்து வாசலாக்கினால் மேல் வளைவைத் தொடத் தேவையில்லை. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை 2006 ஆம் ஆண்டின் அணுகல் ஒழுங்குவிதிகள் கேட்கின்றன. ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில், ஒன்றரை அடிப் படிக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். அந்தப் பதினெட்டு அடி எங்கே என்பதை முதல் வரைபடத்திலேயே தீர்மானியுங்கள்.

மலசலகூடத்தைத் தேவாலயத்துக்கு உள்ளே கொண்டுபோக வேண்டாம். வளவில் தனியாக வையுங்கள். நம் நிலம் சுண்ணாம்புப் பாறை. கழிவுநீர் வெடிப்புகளூடாகக் கிணற்றுக்குப் போய்விடும். அயல் வீட்டுக் கிணறுகளையும் வரைபடத்தில் குறித்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே அழைத்து இடத்தைக் காட்டுங்கள்.

காற்று நல்ல செய்தி. சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்குச் சன்னல்களைத் திறந்துவிட்டால் போதும். சன்னலுக்குக் கண்ணாடி அடித்து மூடிக் குளிரூட்டி பொருத்தும் யோசனை யாராவது சொன்னால் மின்கட்டணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

8. மாநகர சபை

உள்ளே சுவர் எழுப்பாவிட்டாலும், வழிபாட்டிடத்தைப் பாடசாலையாக்குவது பயன்பாட்டு மாற்றம். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதி வேண்டும். மாநகர எல்லைக்குள் விண்ணப்பம் மாநகர சபையிலேயே. கொண்டுபோக வேண்டியவை: உறுதி, குத்தகை, நில அளவை வரைபடம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதியின் எல்லைக்கோடு காணியில் எங்கே என்று காட்டுவது), சோலைவரிப் (மாநகர சபைக்குக் கட்டும் சொத்து வரி) பற்றுச்சீட்டு அல்லது விலக்குக் கடிதம், கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் கையொப்பமிட்ட வரைபடங்கள், திருச்சபையின் சம்மதம், தொல்பொருள் திணைக்களத்தின் பதில், தீயணைப்புப் பிரிவின் பரிந்துரை. முழு விண்ணப்பத்துக்கு முன் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி கேளுங்கள். சிறு கட்டணத்தில், எதை மறுப்பார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒரு தாள் குறைந்தாலும் கோப்பு அடுத்த கூட்டத்துக்குப் போகும். எங்கள் கோப்பு வீதிக்கோட்டுச் சான்றிதழின் திகதி கடந்துவிட்டதால் ஒரு மாதம் நின்றது. சான்றிதழ்களைக் கடைசியில் எடுங்கள். உறுதிகளை முதலில் எடுங்கள். அனுமதி ஓராண்டுக்குத்தான், நீடிப்புக்கு முடியுமுன் விண்ணப்பிக்க வேண்டும்.

9. பணம்

எங்கள் செலவில் நூற்றுக்கு நாற்பது ரூபா கூரைக்கும் சுவருக்கும் போனது. உள்ளே எழுப்பிய உருக்குத் தளமும் பெட்டி வகுப்பறைகளும் இருபத்தைந்து. மின்சாரம், தண்ணீர், மலசலகூடம் பதினைந்து. தாள் வேலைகளும் வல்லுநர் கட்டணங்களும் பத்து. மீதிப் பத்து, ஒருவரும் எதிர்பாராதவை. அந்தப் பத்து போதவில்லை. நீங்கள் இருபதாவது ஒதுக்குங்கள். விலைமனு கேட்கும்போது பெறுமதி சேர் வரி உள்ளடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். 2024 இலிருந்து அது 18 சதவீதம். இதைக் கேட்காமல் விட்ட குழுக்கள் நடுவில் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தக்காரர் கட்டுமானக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா என்று பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் அளந்த பின்னரே பணம் கொடுத்து, ஒரு பகுதியை அடுத்த மாரி முடியும்வரை பிடித்துவையுங்கள். ஒழுக்கைக் காட்டுவது மழைதான்.

வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் மனமுவந்து தருவார்கள். ஆனால் எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் ஒன்றுக்கே தர விரும்புவார்கள்: கணினி, கண்ணாடிக் கதவு, பெயர்ப்பலகை. கறையான் மருந்துக்கும் நீதிமன்றச் செலவுக்கும் யாரும் பெயர் கேட்பதில்லை. ஆகவே "கூரைக்கு ஒரு கைமரம்" என்று அலகாகப் பிரித்துக் கேளுங்கள். ஒரு மரத்தின் முனை பொடியாகியிருந்த படத்தை அனுப்பிய வாரத்திலேயே எங்களுக்குக் கூரைப் பணத்தில் பாதி சேர்ந்தது. பணம் பாடசாலைக் கணக்குக்கே வரட்டும். தனி ஆளின் கணக்குக்கு ஒரு ரூபாவும் வேண்டாம். பழைய நினைவுக் கற்கள் இருக்கும் சுவரில் புதிய நன்கொடையாளர் பெயர் எதையும் பதிக்காதீர்கள்.

10. எந்த மாதத்தில் எது

கூரையை மாசிக்குப் பிறகு திறந்து ஆவணிக்குள் மூடிவிடுங்கள். எங்கள் அனுமதி ஆவணி நடுவில் வந்தது. ஒரு ஆண்டு காத்திருக்க மனமில்லாமல் கூரை ஓடுகளை இறக்கினோம். புரட்டாதி கடைசியில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தறப்பாளை வாடைக்காற்று இரவோடிரவாகக் கிழித்தது. காலையில் போய்ப் பார்த்தபோது, அதுவரை நூறு ஆண்டுக்கு மேல் நின்ற பீடத்தின் மேல் வளைவுப் பூச்சு தரையில் சேறாகக் கிடந்தது. சுண்ணாம்பு வேலைக்கு வந்த வயதான மேசன் ஐயா குனிந்து ஒரு துண்டை எடுத்து, அதிலிருந்த பூ வேலைப்பாட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பச் செய்ய அவருக்கு மூன்று மாதம் பிடித்தது.

இரைச்சலான வேலைகளைச் சித்திரை, ஆவணி விடுமுறைகளில் வையுங்கள். சாரக்கட்டும் கனரக வாகனமும் பிள்ளைகள் நடக்கும் பாதையைத் தொடாதபடி தனி வாசல் ஒன்று திறவுங்கள். ஒழுங்காகப் போனால் தாள் வேலைக்கு ஓராண்டு, கட்டட வேலைக்கு ஓராண்டு. நீதிமன்றம் குறுக்கிட்டால் இன்னொன்று.

11. திறந்த பிறகு

இணக்கச் சான்றிதழ் (அனுமதித்த வரைபடப்படியே கட்டடம் முடிந்தது என்று சொல்வது) வாங்காமல் பிள்ளைகளை உள்ளே இருத்தாதீர்கள். விபத்தொன்று நடந்தால் காப்புறுதி கேட்கும் முதல் தாள் அது. மின்னிணைப்பு வழிபாட்டிடக் கட்டண வகையில் இருந்தால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு அறிவித்து மாற்றுங்கள்; சொல்லாமல் விட்டால் பின்னர் நிலுவையாக வரும். வழிபாட்டிடத்துக்கு இருந்த சோலைவரி விலக்கு தானாகத் தொடரும் என்று எண்ணாமல் பாடசாலையின் பெயரில் புதிதாக விண்ணப்பியுங்கள். பழைய சபையார் வருடத்தில் ஒரு நாள் வந்து செபிக்கக் கேட்டால் அந்த நாளைப் பாடசாலை நாட்காட்டியிலேயே எழுதிவையுங்கள். எங்களிடம் அது கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை.

கூரைப் பீலியை ஆண்டுதோறும் மழைக்கு முன் துப்புரவாக்க வேண்டும். உயரமான கூரையில் ஏறப் பழகிய ஆட்கள் குறைவு. வருகிறவரிடம் ஆடி முடிவிலேயே சொல்லி முற்பணம் கொடுத்துவையுங்கள். புரட்டாதியில் ஊர் முழுவதும் அவரைத் தேடும்.